உப்பு போட்ட ஐஸ்

ஐஸ் கட்டியின் மேல் தண்ணீர் விழுந்ததும் உள்ளுக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கட்டி பழையபடியே மிதக்கும். போன மாதம் போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் ஒரு வளைகாப்பு வீட்டில் சர்பத் கொடுத்தார்கள். தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகையில் அந்தச் சத்தம். கை தானாகவே தம்ளரைக் கீழே வைத்துவிட்டது. "என்ன, சுகரா?" என்று பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன்.

எனக்குச் சர்க்கரை இல்லை. என் அக்காவுக்கு இருந்தது.

அக்கா வீடு அந்தமானின் வடக்கே, மாயாபந்தரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடல் ஓர் ஓடையாகத் தரைக்குள் நுழைந்து, அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையில் வழி தெரியாமல் நின்றுவிட்ட இடம். அத்தான் அங்கே படகுக்காரர்களிடம் மீன் எடுத்து போர்ட் பிளேருக்கு அனுப்புகிறவர். எங்களைப் போலவே ராமநாதபுரத்துக்காரர். வீட்டின் பின்பக்கம், ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம் போன்ற நீல நிற ஐஸ் பெட்டிகள் கிடக்கும். ஈரம் காயாத சிமெண்டுத் தரை, மீன் வாடை, மரத்தூள் வாடை. முதல் தடவை போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அக்கா சிரிப்பாள். "பழகிரும்டி. எனக்கு இப்பல்லாம் மல்லிகைப் பூவுலதான் வாடை அடிக்குது."

அக்காவுக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே ஆரம்பித்தது. மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை அது. ஊசி இல்லாவிட்டால் அவள் உடம்பு ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொன்னதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள், ஏதோ தன் சாமர்த்தியத்தைச் சொல்வதுபோல. அவளுக்கு ஒத்துக்கொண்ட மருந்து அங்கே கிடைக்காது. மாதம் ஒருமுறை, போர்ட் பிளேரில் நான் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து எடுத்துப் போவேன். ஸ்டீல் ஃப்ளாஸ்கின் அடியில் ஐஸ் துண்டுகள், மேலே கனமாகப் பஞ்சு, பஞ்சின் மேல் துணியில் சுற்றிய குப்பிகள். காட்டு ரோட்டில் ஒரு பகல், நடுவே பஸ்ஸையே தூக்கி வைத்துக்கொண்டு கடல் தாண்டும் ஃபெரி. போய்ச் சேரும்போது ஐஸ் பாதி தண்ணீராகியிருக்கும். பாதி போதும். கடைசித் துண்டு கரைகிறவரை ஃப்ளாஸ்குக்குள் குளிர் மாறாது. உருகுகிற ஐஸ் தான் உருகுவதற்கே வெப்பத்தையெல்லாம் வாங்கிக்கொள்கிறது, சுற்றியிருப்பதைச் சுடவிடாது. பள்ளிக்கூடத்தில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். தெர்மாமீட்டரில் ஏறாத, தொட்டால் தெரியாத வெப்பம். அப்போது அது ஐந்து மார்க் கேள்வி.

அந்த வருஷம் ஐப்பசியில் நான் போனபோது காற்றே இல்லை. துவைத்த துணி கொடியில் தொங்கிக்கொண்டே இருந்தது, சொட்டவும் இல்லை காயவும் இல்லை. சுவர்கள் வியர்த்திருந்தன. சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு அழுது, அடியில் தண்ணீராக நின்றது. தீக்குச்சி உரசினால் தலை மட்டும் உதிர்ந்தது. தீவில் இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு ஓடையில் தண்ணீரும் அசையவில்லை. மரத்தின் நிழல், மரத்தைவிடத் தெளிவாக, தலைகீழாக நின்றது. நாய்கள் எங்கே போயினவோ.

போனதும் போகாததுமாக அடுப்படியில் நுழைந்து இட்லிப் பானை மூடியைத் தூக்கினேன். ஆவி மணிக்கட்டில் அடித்தது. மூடியை எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"வந்த உடனே பானையைத் திறக்கணுமா? பசி அம்புட்டு!" அக்கா என் கையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள்.

"ஆவிதானேக்கா. கொஞ்சமாத்தான் பட்டுச்சு."

"கொஞ்சமாப் பட்டாலும் அது வேற மாதிரி சுடும். தண்ணியா இருந்தா இப்படிச் சுடாது."

சரியாகத்தான் சொன்னாள். கொதிக்கிற தண்ணீருக்கும் அதிலிருந்து எழும் ஆவிக்கும் சூடு ஒன்றே. ஆனால் ஆவி, தான் ஆவியாவதற்காக வாங்கிய வெப்பத்தை எங்கேயோ மடியில் கட்டிவைத்திருக்கிறது. தோலில் பட்டுத் தண்ணீராக மாறுகிற நொடியில் அவ்வளவையும் அவிழ்த்துக் கொட்டுகிறது. மணிக்கட்டில் சிறிதாகக் கொப்புளம் கண்டது. அதை நான் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே தண்ணீர் நகர்ந்தது.

மத்தியானம் அத்தான் மாயாபந்தரிலிருந்து ஜீப்பில் ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்தார். ஐஸ் பிளான்டில் வாங்கிய பெரிய பாளங்கள், சாக்கும் மரத்தூளும் சுற்றி. மறுநாள் படகுகள் சீலா மீனோடு வரும் என்ற கணக்கு. பாளங்களை உடைத்துப் பெட்டிகளில் நிரப்பி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, படகு எதுவும் போகக்கூடாது, போனவை திரும்ப வேண்டும், கப்பல் எல்லாம் ரத்து. சாயங்காலத்துக்குள் பஸ்ஸும் இல்லை என்றார்கள். நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

அத்தான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் மரத்தூள். "மீனு இல்லாத ஐஸை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"தலையில வச்சுக்கங்க," என்றாள் அக்கா. "கொஞ்சம் குளிரட்டும்."

இரவு எப்போதோ கரண்ட் போயிருந்தது. காலையில் எழுந்தபோது ஃப்ரிட்ஜ் ஊமையாக நின்றது. வானம் செம்பு நிறம். அடிக்கிற காற்றில்லை, இழுக்கிற காற்று. கடலின் பக்கமாக எல்லாவற்றையும் மெதுவாக இழுத்தது.

ஃப்ரிட்ஜுக்குள் நான் கொண்டுவந்த இரண்டு குப்பிகள் இருந்தன. பழைய குப்பி முந்தின நாளோடு தீர்ந்திருந்தது. வீட்டில் இருந்த மொத்த மருந்தும் அந்த இரண்டுதான். ரோட்டில் மரங்கள் விழ ஆரம்பித்துவிட்டன என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மாயாபந்தர் ஆஸ்பத்திரி இப்போது மாயாபந்தரைவிடத் தூரத்தில் இருந்தது. மூன்று பேருக்கும் ஒரே நினைப்பு: மருந்து சூடாகக்கூடாது.

அக்காதான் முதலில் இறங்கினாள். ஒரு மண்சட்டியில் மணல் போட்டு, நனைத்து, நடுவில் குப்பிகளைப் புதைத்து, மேலே ஈரத்துணி சுற்றி ஜன்னலோரம் வைத்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் சித்திரை வெயிலில், காய்ந்த காற்றில், இப்படித்தான் தண்ணீரைக்கூட ஜில்லென்று வைத்திருப்பார்கள். துணியின் ஈரம் காற்றோடு போகும். போகிற ஈரம் சட்டியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் இது ராமநாதபுரத்துக் காற்று இல்லை. இந்தக் காற்று ஏற்கெனவே வாய் நிறையத் தண்ணீரோடு நின்றது. இன்னொரு சொட்டுக்கு அதில் இடமில்லை. மத்தியானம் நான் துணியைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் பிழிந்த ஈரம் அப்படியே இருந்தது. சட்டி என் உள்ளங்கையின் சூட்டில், ஒரு உயிருள்ள பிராணியின் சூட்டில் இருந்தது.

அத்தான் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் ஊர் வித்தை. இங்க செல்லாது."

"நீங்கதான் பெரிய வித்தைக்காரரு. செய்யுங்க பாப்போம்."

"ஏ புள்ள, வீடு நெறைய ஐஸை வச்சுக்கிட்டு எதுக்கு மண்ணைக் கட்டிக்கிட்டு அழுற? கொண்டா இங்க."

அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம். வீணாகக் கரைந்து வாய்க்காலில் ஓடப்போகிற ஐஸுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட வேலை. பின்பக்கம் போனோம். குப்பிகள் இரண்டையும் அக்காவின் ஸ்டீல் டிபன் டப்பாவில் போட்டு மூடினார். சின்னத் தெர்மோகோல் பெட்டி ஒன்றில் ஐஸைத் தூளாக உடைத்துக் கொட்டி, நடுவே குழி பறித்து, டப்பாவை இறக்கினார். பிறகு மூலையில் கிடந்த கல்லுப்பு மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளிவந்து பரவலாகத் தூவினார், விதை தெளிப்பதுபோல.

"உப்பு எதுக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

"உப்பு போட்டாத்தாம்மா ஐஸ் கடிக்கும். சும்மா ஐஸ் வெறும் ஈரம். போர்ட் பிளேருக்குப் போற பெரிய மீனுக்கெல்லாம் இப்படித்தான். ரெண்டாம் நாள் பெட்டியைத் திறந்தா மீன் கட்டை மாதிரி இருக்கும், தட்டினா சத்தம் கேக்கும்."

"மீனுக்கும் எனக்கும் ஒரே வைத்தியமா?" அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மீனு உன்ன மாதிரி வாய் பேசாது. அதான் வித்தியாசம்."

பெட்டிக்குள் ஐஸ் முறிந்தது. படபடவென்று, மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ விரல்களைச் சொடுக்குவதுபோல. சிறிது நேரம் கழித்து அத்தான் மூடியைத் தூக்கிக் காட்டினார். டப்பாவின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஃப்ரீசருக்கு வெளியே உறைபனியை நாங்கள் மூவருமே அதுவரை பார்த்ததில்லை. அந்த ஈரக் காற்றிலிருந்துதான் அது வந்து படிந்திருக்க வேண்டும். காற்றில் இருந்த தண்ணீர், தண்ணீராக ஆகக்கூட நேரமில்லாமல், நேரே வெண்முள்ளாக முளைத்திருந்தது. அக்கா விரலை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. "ஐயோ!" என்று இழுத்துச் சிரித்தாள். "பாருடி, நம்ம வீட்டுல காஷ்மீர்!"

அழகாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். குளிர் நல்லது, அதிகக் குளிர் அதிக நல்லது என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் யோசனை போகவில்லை. அந்த வீடு நடந்ததே அந்த நம்பிக்கையில்தானே. உப்பு ஐஸை வலுக்கட்டாயமாக உருகவைக்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பம் வெளியிலிருந்து வரும்வரை ஐஸ் காத்திருப்பதில்லை; பக்கத்தில் எது கிடக்கிறதோ அதிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. உறைகிற நிலைக்கும் வெகு கீழே போய்விடுகிறது. பக்கத்தில் கிடந்தது அக்காவின் உயிர்.

சாயங்கால ஊசிக்கு டப்பாவைத் திறந்தபோது குப்பி கல்லாக இருந்தது. அக்கா அதை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினாள். தினமும் உருட்டுவாள், அந்த மருந்து அடியில் தங்கும், உருட்டினால் பால்போலக் கலங்கும். அன்றைக்கு நேரமாயிற்று. இளகிய பிறகு கண்ணாடியின் உள்பக்கம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அக்கா, இது எப்பவும் இப்படி இருக்காதே."

"குளுருல இருந்துச்சுல்ல. அப்படித்தான் இருக்கும்." வயிற்றில் மடிப்பைப் பிடித்து ஊசியைப் போட்டுக்கொண்டாள். "ஸ்ஸ்... சுருக்குனு ஏறுது. உங்க அத்தான் மருந்துக்குப் பல்லு வச்சு அனுப்பிட்டாரு."

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் புயலும் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். தகரம் பறந்ததும் தென்னை சாய்ந்ததும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எனக்கு நினைவிருப்பது வேறு. கதவுக்குப் பின்னால் மூவரும் குந்தியிருந்த அந்தப் பகல் முழுக்க நான் என் மணிக்கட்டுக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இருப்பதும் இதுதான் என்று தோன்றிக்கொண்டிருந்தது. வாரக்கணக்காக வெயில் கடலைத் துளித்துளியாக ஆவியாக்கி மேலே தூக்கியது. ஒவ்வொரு துளியும் தன் பங்கு வெப்பத்தை மடியில் கட்டிக்கொண்டு ஏறியது. யாருக்கும் தெரியாது, காற்று அசையாது, துணி காயாது, அவ்வளவுதான். பிறகு உயரத்தில் எங்கோ ஆவி மறுபடி தண்ணீராகிறது. கட்டிய மடிகள் எல்லாம் ஒரேயடியாக அவிழ்கின்றன. அந்தச் சூட்டில் காற்று மேலே பாய, அது விட்டுப்போன இடத்துக்குக் கீழே இருக்கிற காற்றெல்லாம் ஓடிவருகிறது. கூரையை உலுக்கிக்கொண்டிருந்தது கடல் பட்ட வெயில்தான். திருப்பிக் கொடுக்கப்படும் வெயில்.

அக்கா தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். மறுபடி கேட்டாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. பயத்தில் எல்லோருக்கும்தான் நா வறண்டது. ஆனால் அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். குடம் தீர்ந்ததும் கூரை ஓட்டையில் ஒழுகிய மழைக்கு அண்டா வைத்திருந்தோம், அதிலிருந்து மொண்டு குடித்தாள். குடித்ததெல்லாம் உடனே வெளியே போயிற்று. அந்தக் காற்றில் பின்பக்கக் கழிப்பறைக்குப் போக முடியாமல் ஒரு வாளியை மூலையில் வைத்துத் துணி கட்டினோம். வேலைக்காகாத அந்த மருந்தையே காலையிலும் ஊசி போட்டுக்கொண்டாள். அத்தான் ஒவ்வொரு முறையும் பெட்டிக்கு உப்பு மாற்றிவிட்டு வந்தார். ஐஸ் குறைந்ததும் பெரிய பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பினார். காற்றில் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார்.

"மருந்து ஜம்முனு இருக்கு புள்ள. கவலைப்படாத."

சர்க்கரை பார்க்கும் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தோம். எண் வரவில்லை. அளவு எல்லை தாண்டினால் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன, ஹெச், ஐ.

"பாருடி, இது கூட எனக்கு ஹாய் சொல்லுது," என்றாள் அக்கா. உதடு வெடித்திருந்தது. அவள் சிரித்தபோது அதில் ரத்தம் கண்டது.

"இன்னொரு பாட்டில் இருக்குல்ல," என்றார் அத்தான். "இதுல ஏதோ கோளாறு. அதைப் பிரிப்போம்." பிரித்தோம். அதுவும் அதே டப்பாவில் கிடந்ததுதான். அதையும் உள்ளங்கையில் வைத்து இளக்கினோம். இம்முறை அவளால் உருட்ட முடியவில்லை, அத்தான்தான் உருட்டினார். மீன் செதிலும் ஐஸும் அறுத்த பெரிய கைகள். அந்தக் கைகளுக்குள் குப்பி காணாமல் போயிற்று. கூடுதலாகவே போட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் காற்று தெற்கே திரும்பி, சோர்ந்து, மழை மட்டும் நின்று பெய்தது. அக்கா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அவள் மடியில் என் தலையோ என் மடியில் அவள் தலையோ, எது எதுவென்று தெரியாமல் படுத்திருந்தோம். அவள் மூச்சில் ஒரு வாசனை வந்தது. அழுகும் தறுவாயில் இருக்கும் அன்னாசிப்பழம். எங்கோ பழம் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன், தேடக்கூடச் செய்தேன். தோலைத் தொட்டால் காகிதம்போல இருந்தது. சுவரும் தரையும் கதவும் போர்வையும் உலகமே சொட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டில், ஈரமில்லாமல் இருந்தது அவள் ஒருத்தி மட்டும்தான்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு தாதா வந்தார். அத்தானுக்கு மீன் போடுகிற வங்காளத்துக்காரர்; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். புயலுக்கு முன்பே டிங்கி என்கிற தன் சின்னப் படகை ஓடையின் உள்ளே இழுத்துச் சென்று மரத்தோடு மரமாகக் கட்டிவைத்திருந்தார். அக்காவைப் பார்த்தார். அவள் மூச்சைப் பார்த்தார். யாரும் துரத்தாமல் ஓடுகிறவளைப்போல ஆழமாக, வேகமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆரே பாய், பைட்கே கியா தேக்தா ஹை? திதியை இப்பவே எடு," என்றார், பாதி ஹிந்தியும் பாதி அத்தானிடம் கற்ற தமிழுமாக. உட்கார்ந்து என்ன பார்க்கிறாய் என்று அதட்டல். அக்காவை அவர் திதி என்றுதான் கூப்பிடுவார், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்.

"ரோட்டுல மரம் கிடக்கே தாதா."

"ரோடு சோடோ, விடு. பானி மே சலேகா. தண்ணி வழி."

டிங்கியில் அவளைப் படுக்கவைக்க இடமில்லை. அத்தான் ஒரு நீலப் பெட்டியின் மூடியைக் கழற்றி எடுத்துவந்து குறுக்கே போட்டு, அதன் மேல் பாய் விரித்தார். அவள் அதில் படுக்கும்போது கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"கடைசில என்னையும் பெட்டியில ஏத்திட்டீங்க."

"வாயை மூடுடி," என்றார் அத்தான். அவர் அவளை 'டி' போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஓடை காப்பி நிறத்தில் வீங்கியிருந்தது. வேரோடு வந்த மரங்கள், செத்த கோழிகள், யார் வீட்டுக் கட்டில் காலோ. ஆவி எழுந்துகொண்டிருந்தது. மழை விட்டு வெயில் கீற்று விழுந்த இடத்திலெல்லாம் இலையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எங்கள் தோள்களிலிருந்தும் புகைபோல ஆவி. கடல் ஒரு வேலையை முடித்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். வழி முழுக்க அத்தான் அந்தத் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்திருந்தார். மருந்து இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதாம். அவர்களிடம் இருக்கிறதோ இல்லையோ.

மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சலைன் ஏற்றினார்கள். அவர்களிடம் வேறு வகை இன்சுலின் இருந்தது, அதைக் கொடுத்தார்கள். நேரம் நிறையப் போய்விட்டது, இங்கே வைத்திருக்க முடியாது, ஹெலிகாப்டர் பறக்கும் என்றால் போர்ட் பிளேருக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். நர்ஸ் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துப் பெண், தமிழ் பேசினார். அத்தான் அவரிடம் பெட்டியை நீட்டினார். பத்திரமாகக் கொண்டுவந்ததைக் காட்டும் ஒரு மிடுக்கு இன்னமும் அந்தக் கையில் இருந்தது.

நர்ஸ் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாய்த்தார். பொடிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

"இது உறைஞ்சு போயிருந்துச்சா?"

"நல்ல ஐஸும்மா. கல்லுப்பு போட்டு, பெரிய மீனுக்குப் போடற மாதிரி..." நர்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசிய அத்தான், அந்த முகத்தில் எதையோ கண்டு நிறுத்திவிட்டார்.

நர்ஸ் குப்பியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். "சும்மா அலமாரியில வச்சிருந்தாக்கூட இந்தக் கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. ஃப்ரிட்ஜே வேணாம். உறைஞ்சா மட்டும்தான் செத்துப்போவும். அதை எத்தனை ஊசி போட்டாலும் தண்ணி போட்ட மாதிரிதான்."

திரும்பினேன். அத்தான் கதவருகே இரண்டு டீ கிளாஸோடு நின்றார். எனக்கும் நர்ஸுக்கும் வாங்கிவந்தது. நாங்கள் பேசியதில் எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. கிளாஸ்களிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அது நின்றுபோகும்வரை அவர் அப்படியே நின்றார்.

மேகம் சற்று விலகிய நேரத்தில் ஹெலிகாப்டர் வந்தது. நோயாளியோடு ஒருவருக்குத்தான் இடம். அத்தான் போவதாகத்தான் இருந்தது. அவர்தான் பின்வாங்கினார். "நீ போம்மா. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில எங்க என்ன இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்." காரணம் சரியானதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் சட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் புல்தரையின் ஓரத்தில் நின்றது. ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்துவிட்டு, தூக்குகிறவர்கள் சைகைக்காகக் காத்திருந்தார்கள். போர்ட் பிளேர் போய்ச் சேர்வதற்குள் அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது. பிறகு திரும்பவே இல்லை. அதனால் அந்தப் புல்தரையில் அவள் பேசியதுதான் அத்தான் கேட்ட கடைசிப் பேச்சு. நான் பக்கத்தில் நின்றேன். ஒரு சொல்லும் தவறாமல் கேட்டேன்.

அத்தான் குனிந்தார். மிகவும் சின்னக் குரலில், சந்தேகம் கேட்பவர்போலக் கேட்டார்.

"உப்பு போட்டதுனாலதானா புள்ள?"

அக்கா கண்ணைத் திறந்தாள். அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள், சந்தையில் மீனைப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை எங்கிருந்தோ இழுத்து வர வேண்டியிருந்தது அவளுக்கு.

"இந்த மனுசனுக்கு... ஊர்ல நடக்கறதெல்லாம் தன் கையாலதான் நடக்குதுன்னு நெனப்பு," என்றாள். "போங்க. போயி ஒரு வாய் சாப்பிடுங்க."